எல்-1 டெண்டரில் நம் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கதையை ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் எழுத உட்கார்ந்தால் எங்கே போய்த் தேடுவார்? 2006ல் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலை, 2024ல் 37 நாள் நடந்த சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம்... நாளிதழில் அச்சானதைத் தேட நூலகம் உண்டு. இணைய இதழில் மட்டும் வந்த கட்டுரைக்கும், தொழிற்சங்கம் வலைத்தளத்தில் போட்ட அறிக்கைக்கும் யார் பொறுப்பு? யாருமில்லை.

1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம்ம கன்னிமாரா உள்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். 1956ல் செய்தித்தாளையும் சேர்த்தார்கள். இணையப் பக்கத்தை இன்னும் சேர்க்கவில்லை. பிரிட்டன் 2013ல் சேர்த்துவிட்டது. சிங்கப்பூர் 2018ல் சட்டத்தைத் திருத்தியது.

"அதான் வேபேக் மெஷின் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, நல்ல சேவைதான். ஆனால் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அது சில நாள் முடங்கியது. இங்கே சாம்சங் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே நாட்கள்! நம் சரித்திரத்துக்கு ஒரே பிரதி, அதுவும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்திடம் என்பது சரியா?

சரி, நம் தேசிய நூலகமே சேமிக்கட்டும். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய வேண்டியதில்லை, சேவையாக வாங்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே வெளியாரை வைத்துச் சேகரித்திருக்கிறது. ஆனால் எப்படி வாங்குவது? காமர்ஸ் படிப்பதால் என் கண் இங்கேதான் போகிறது.

வழக்கம்போல 'எல்-1', அதாவது யார் குறைந்த விலை சொன்னாலும் அவருக்கே வேலை என்றால் கதை முடிந்தது. டெராபைட் கணக்கில் பணம் என்றால் குப்பையையும் அள்ளிப் போடுவார்கள். தள எண்ணிக்கைக்குப் பணம் என்றால் முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். எதற்குக் காசோ அதுதான் கிடைக்கும்.

என் யோசனை, மூன்று நிபந்தனைகள்:

1. சேமிப்பது 'வார்க்' வடிவத்தில் இருக்க வேண்டும். 2009லேயே ஐ.எஸ்.ஓ 28500 என்று தரப்படுத்திவிட்டார்கள். கான்ட்ராக்டர் மாறினாலும் கோப்பு திறக்கும்.

2. முழுப் பிரதி நூலகத்தின் சொந்த சர்வரில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த அன்று 'உங்க டேட்டா எங்களிடம்' என்று பேரம் பேச யாருக்கும் வழி இருக்கக் கூடாது.

3. சேமித்த பக்கத்தை நூலகர் திறந்து படித்துப் பார்த்த பிறகே பணம். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். யூனிகோடுக்கு முந்தைய பக்கங்கள் திஸ்கி, டேப், டாம் என்று பல குறியீட்டில் இருக்கின்றன. எழுத்துருவை விட்டுவிட்டு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஜிலேபி ஜிலேபியாகத்தான் தெரியும். சோதனைக்குக் கொடுக்கும் பக்கங்களில் தமிழ்ப் பக்கங்களும் கட்டாயம் இருக்க வேண்டும்.

செலவு ஆகாதா? ஆகும். ஆனால் புத்தகத்தை வருஷம் கழித்துப் பழைய புத்தகக் கடையிலாவது வாங்கிவிடலாம். அழிந்த இணையப் பக்கத்தை எந்த மூர் மார்க்கெட்டிலும் வாங்க முடியாது. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு மக்களே, அது எந்த பட்ஜெட்டிலும் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் சட்டத் திருத்தம், அப்புறம் டெண்டர். வரிசை மாறினால் சேமித்ததையும் காப்புரிமை பயத்தில் பூட்டித்தான் வைப்பார்கள். உங்கள் கருத்து என்ன? நான்காவது நிபந்தனை தோன்றினால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்.