சாவுக்கு முன்னால் யார் வந்தார்?

'டூலா' என்றொரு சொல் இறங்கியிருக்கிறது. சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, வாயை நனைத்து, கடைசி மூச்சுவரை கூட இருப்பவராம். மேலைநாடுகளில் இதற்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, கட்டணமும் உண்டு. பழைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமைப் பெண் என்று அர்த்தம். 1970களில் அமெரிக்காவில் பிரசவத் துணைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு சாவுத் துணைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

அங்கே அடிமையின் பெயர் மரியாதையான தொழிலாகிவிட்டது. இங்கே வெட்டியான் என்பது இன்னும் வசவுதான்.

எங்க தாத்தா மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக நடந்து இழவு சொன்னவர். பறையடிக்க, குழி வெட்ட, பிணம் எரிக்கச் சேரி வேண்டும். பெரிய வீட்டுக் கிழவர் மாசக்கணக்கில் பாயில் கிடந்தாரே, அப்போது எங்க தாத்தாவைப் படியேற விட்டார்களா? பிணமான பிறகுதான் நம்ம கை தேவைப்பட்டது.

இந்த ஊழியத்தை மறுத்துத்தான் நம் இயக்கமே எழுந்தது. மகர்களைப் பரம்பரை ஊழியத்திலிருந்து விடுவிக்க அம்பேத்கர் 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். "விட்டொழிச்ச சாவு வேலைய மறுபடி எடுக்கச் சொல்றியா?" என்று தோழர்கள் கேட்கலாம். நாம் விட்டது அவன் பிணத்துக்குச் செய்த ஊழியம். நம்ம ஆள் சாகும்போது கூட இருந்தது யார்? அதைத்தான் கேட்கிறேன்.

புற்று முற்றிய கூலிக்காரரை 'இனி ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒத்த அறை வீட்டில் வலியில் கத்துகிறார். பொஞ்சாதி களையெடுக்கப் போனால்தான் அடுப்பெரியும். மார்பின் இருந்தால் வலி அடங்கும். அபினி விளையும் நாட்டில், 1985 போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் அந்த மருந்து ஏழைக்கு எட்டாமல் போனது. சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆனது.

மரியாதையோடு சாவதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2018ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். யாருடைய மரியாதையைப் பேசுகிறது சட்டம்?

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில், 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் பின்னாளில் அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பியது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவமும் 2021லிருந்து வீட்டிலேயே வலிதணிப்பு தருவதாகச் சொல்கிறது. நம்ம தெருவுக்கு அது வருகிறதா? வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் போய் உட்காருவோம்.

மாணவத் தோழர்களே, படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க, புண் கழுவ, பயத்தைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள். பொம்பளை வேலை என்று ஆண்கள் நழுவாதீர்கள். ஊர்த்தெருக்காரனும் வரட்டும், நம்ம கிழவியின் புண்ணைக் கழுவட்டும். சுடுகாட்டு வேலைக்கு அரசுச் சம்பளம் கொடு, அதை எல்லாச் சாதிக்கும் கொடு என்று கேட்போம்.

பிணத்துக்கு முன்னால் பறையடித்தது போதும். உசுரோடிருக்கும் மனுசனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவோம்.