தொழிலாளிக்கு எந்த இங்கிலீஷ் வேண்டும்?

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் இங்கிலீஷ் வகுப்பு விளம்பரம். கடைகளில் முப்பது நாளில் இங்கிலீஷ் பேச வைப்பதாகச் சொல்லும் புத்தகங்கள். இப்போது செல்போனிலும் அதே பாடம். ஆலைத் தொழிலாளியும், தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணும், சித்தாளின் மகனும் பணம் கட்டிப் படிக்கிறார்கள். இதைக் கண்டு சிலர் நையாண்டி செய்கிறார்கள். நாம் செய்யமாட்டோம். எட்டு மணி, பத்து மணி நேரம் உழைத்துக் களைத்த மனிதர் எஞ்சிய பொழுதில் ஒன்றைக் கற்க முன்வந்தால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: அவருக்கு அங்கே எந்த இங்கிலீஷ் கற்பிக்கப்படுகிறது?

வணக்கம் சொல்ல, நன்றி சொல்ல, மன்னிப்புக் கேட்க, ஓட்டலில் காப்பிக்குச் சொல்ல, பேட்டியில் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேச. எஸ் சார், சாரி சார், தாங்க்யூ சார்! மரியாதை தவறல்ல. ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் தொழிலாளியை எதிர்கொள்ளும் இங்கிலீஷ் இதுவன்று. அது அச்சடித்த காகிதத்தில் வருகிறது, கையெழுத்தைக் கேட்கிறது, அவருடைய சோற்றில் கை வைக்கிறது.

சொல்லுக்குள் இருக்கும் சோறு

வேலைக்குச் சேரும் இளைஞரிடம் ஓர் உத்தரவு கொடுக்கப்படுகிறது. அதில் 'அப்ரண்டிஸ்' என்று ஒரு சொல். நல்ல வேலை கிடைத்ததென்று அவர் மகிழ்கிறார். ஆனால் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர். தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. பக்கத்து மிஷினில் நிற்பவர் செய்யும் அதே வேலையை இவரும் செய்யலாம். ஆயினும் அந்த ஒரு சொல் இவரைத் தொழிலாளி என்ற வரிசையிலிருந்தே வெளியே நிறுத்திவிடுகிறது.

இன்னொரு சொல், 'சஸ்பென்ஷன்'. இது எல்லோருக்கும் தெரியும். தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் 'சப்ஸிஸ்டன்ஸ் அலவன்ஸ்' எத்தனை பேருக்குத் தெரியும்? பிழைப்பூதியம் என்பது அதன் பொருள். விசாரணை முடியும்வரை முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி. தொழிலாளியின் குற்றமில்லாமல் விசாரணை அதற்கு மேலும் இழுத்தால் முக்கால். இதற்கெனத் தமிழ்நாட்டில் 1981இலேயே தனிச் சட்டம் வந்தது. முதல் சொல்லை மட்டும் அறிந்தவர் வீட்டில் முடங்கிக் கடன் வாங்குவார். இரண்டாவது சொல்லையும் அறிந்தவர் தம் பாதிச் சம்பளத்தைக் கேட்பார்.

மூன்றாவது, 'புல் அண்டு பைனல் செட்டில்மெண்ட்'. இதற்கு மேல் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் காகிதம் இது. பணத்தின் அவசரத்தில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. 'அண்டர் புரொட்டெஸ்ட்' என்ற இரண்டு சொற்களைத் தெரிந்தவர், அவற்றைக் கையெழுத்தின் மேலே எழுதிவிட்டுப் பணத்தை வாங்குவார். மனமுவந்து கணக்கை முடித்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சியாக நிற்கும். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தமிழிலேயே எழுதலாம். ஆனால் காகிதம் என்ன சொல்கிறதென்று புரிந்தவர்தானே ஆட்சேபிக்க முடியும்?

இரண்டு தவறான வாதங்கள்

இங்கே இரண்டு தரப்பார் நம்மோடு வாதுக்கு வருவார்கள்.

இங்கிலீஷ் படித்தால் முன்னேறிவிடலாம் என்பது ஒரு தரப்பு. ஒருவர் மேஸ்திரியாகலாம், சூபர்வைசராகலாம், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆலையில் ஆயிரம் பேர் இலக்கணச் சுத்தமாக இங்கிலீஷ் பேசினாலும் அதனால் கூலி ஒரு ரூபாய் உயராது. கூலியை உயர்த்துவது சங்கத்தின் பலமே.

இங்கிலீஷ் கற்பது தமிழுக்குத் துரோகம் என்பது மறு தரப்பு. இதுவும் சரியல்ல. 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் இரண்டு பத்திரிகைகள் நடத்தினார். தமிழில் 'தொழிலாளன்', இங்கிலீஷில் 'லேபர் கிசான் கெஜட்'. எதிரியின் கோட்டைக்குள் என்ன பேசப்படுகிறது என்று அறிவதற்கும், எதிரியின் பாஷைக்கு அடிமையாவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பெரியவர் அறிந்திருந்தார்.

சட்டத்தின் கடமையும் சர்க்காரின் போக்கும்

அப்படியானால் எல்லாத் தொழிலாளரும் இங்கிலீஷ் கற்றுத்தான் தீர வேண்டுமா? இல்லை. புரியும் பாஷையில் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தில் 9ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லிற்று: நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் பாஷையிலும் வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவும் நோட்டீசுகளுக்கு இதே விதியைச் சொல்லிற்று.

அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. 2020இல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே நிலையாணைகள் உண்டு. இப்போது 300 பேர் இருந்தால்தான். 200 பேர் வேலை செய்யும் ஆலையில் வேலை விதிகளைப் பலகையில் தேடினால் பலகையே இருக்காது! அங்கே தொழிலாளிக்கு மிஞ்சுவது நிர்வாகம் கையில் கொடுக்கும் காகிதம் மட்டுமே.

கோர்ட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். சென்னை ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டுமென்று சட்டசபை தீர்மானம் போட்டது 2006இல். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஹைகோர்ட்டில் இந்திக்கு இடம் உண்டு. தமிழுக்கோ கதவு சாத்தியே கிடக்கிறது. இது மொழிப் பற்றின் பிரச்னை மட்டுமன்று. தன் வழக்கு என்னவாயிற்றென்று தானே தெரிந்துகொள்ளும் உரிமையின் பிரச்னை.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒருவர் உண்டு. திருப்பூரிலும் கோவையிலும் நம்மோடு தோள் சேர்த்து உழைக்கும் ஒடியா, வங்காளி, பீகார்த் தொழிலாளி. அவருக்கு இங்கிலீஷ் காகிதமும் இருட்டு; தமிழ்க் காகிதமும் இருட்டு. தொழிலாளிக்குப் புரியும் பாஷை என்ற கோரிக்கை அவருக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியது

கோரிக்கை வெற்றி பெறும்வரை கைகட்டி இருக்க முடியுமா? காகிதம் இன்றைக்கே வருகிறது. கையெழுத்தும் இன்றைக்கே கேட்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு சங்கக் கிளையும் வாரம் ஒரு வகுப்பு நடத்த வேண்டும். வாரத்துக்குப் பத்துச் சொல் போதும். மூன்று மாதத்தில் நூற்றுக்கு மேல் ஆகிவிடும். பாடப்புத்தகம் வாங்க வேண்டாம். சம்பளச் சீட்டும், வேலை உத்தரவும், ஷோ காஸ் நோட்டீசுமே பாடப்புத்தகம். கிராஸ் எவ்வளவு, நெட் எவ்வளவு, நடுவில் 'டிடக்ஷன்' என்ற பெயரில் பிடித்தது எவ்வளவு என்பது முதல் பாடம். சங்கக் குடும்பங்களில் காலேஜ் படித்த பெண்களும் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களே ஆசிரியர்கள். பெண் தொழிலாளர்கள் வரக்கூடிய நேரத்தில் வகுப்பை வைக்க வேண்டும்.

அன்றாடம் பேசும் சிறு வாக்கியங்களும் வேண்டும். ஆனால் நம் வாக்கியங்கள் வேறு. "இதன் நகல் கொடுங்கள்." "படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும்." "சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்." "தமிழில் எழுதிக் கொடுங்கள்." இந்த நாலு வாக்கியங்களை இங்கிலீஷில் தலை நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி.

நாலாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். அதை நிர்வாகம் ஏற்கும் நாளில் இந்த வகுப்புக்கு அவசியமே இராது. அந்த நாளைக் கொண்டுவருவதற்காகவே இந்த வகுப்பை நடத்துவோம்!