முடி நடுவோர் காட்டும் படமும் நாம் கேட்கவேண்டிய கணக்கும்

நாட்டில் எத்தனையோ பெரும் பிரச்சினைகள் மலிந்து கிடக்க, தலைமயிரைப் பற்றி எழுதவா ஓர் அரசியல் இதழில் இடம் என்று நகைப்பார் இருக்கலாம். நகைத்தபின் சற்றே சிந்திப்பாராக. வழுக்கை எவரையும் கொன்றதில்லை. ஆனால், வழுக்கையை மறைக்கும் வியாபாரம் கொன்றிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னையில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குச் சென்றார். சிகிச்சையின்போது அவர் உடல்நிலை குலைந்தது. வேலூருக்குக் கொண்டு சென்றும் உயிரைக் காக்க இயலவில்லை. அந்த நிலையம் முடிதிருத்தும் அழகு நிலையத்துக்கான உரிமம் மட்டுமே பெற்றிருந்தது என்பது பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

மருத்துவம் கற்றவருக்கே இக்கதியெனில், தெற்கே வினாயகபுரம் தொடங்கி வடக்கே கல்முனை வரை பரந்து கிடக்கும் நம் கரையோரத்து இளைஞர்க்குக் காவல் யாது? வளைகுடா நாட்டில் வெயிலில் வெந்து பணம் சேர்த்தவனும், கச்சேரியில் எழுதுவினைஞராய் இருப்பவனும், வெள்ளாமை விற்ற பணத்தைக் கையில் வைத்திருப்பவனும், தமிழரென்றும் முஸ்லிம்களென்றும் வேறுபாடின்றி, கல்யாணப் பேச்சுத் தொடங்கியதும் கண்ணாடி முன் நின்று கவலுகின்றனர். கைத்தொலைபேசியைத் திறந்தால் கொழும்பும் சென்னையும் இஸ்தான்புல்லும் அவர்களை வாவென்று அழைக்கின்றன. அழைப்போர் காட்டும் சாட்சியம் இரண்டே படங்கள்: “முன்பு” ஒன்று, “பின்பு” ஒன்று. விற்பவனே சாட்சியும் விற்பவனே நீதிபதியும் ஆன வழக்கு இது. வாங்குபவன் தானே தீர்ப்பளிக்கக் கற்றாலன்றி இவ்வழக்கில் நீதி கிடையாது.

இச்சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. 1939ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய வைத்தியர் ஒக்குடா, தழும்பேறிய இடங்களில் மயிருள்ள தோலை எடுத்து நட்டமை பற்றி எழுதினார். நியூயோர்க் நகரத்துத் தோல் வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைக் 1952இல் ஆண்களின் வழுக்கையில் இதைச் செய்து, 1959இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்ட உண்மை யாதெனில், பின்தலை மயிர் எங்கே நடப்பட்டாலும் தன் பிறந்த இடத்தின் குணத்தை விடாது என்பதே. ஆனால், அந்நாளில் நட்டவை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமான தோற் துண்டுகள். மயிர் முளைத்தது மெய். எனினும், பொம்மைத் தலையில் செருகிய குஞ்சங்கள்போல் அது நின்றது. இன்று ஒன்று முதல் நான்கு மயிர்கள் மட்டுமே கொண்ட சிறு வேர்க்கொத்துகளாகப் பிரித்து நடுகின்றனர். முளைத்ததா என்பது ஒரு கேள்வி, இயற்கையாய்த் தோன்றுகிறதா என்பது மற்றொரு கேள்வி என்பதை அந்தப் பழைய தலைகள் நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே நெற்றியோரத்தை முதலிற் பாருங்கள். அங்கே ஒற்றை மயிர்கள் சற்று ஒழுங்கின்றி நிற்கவேண்டும். கயிறு பிடித்து நட்டாற்போல் நேர்கோடு தெரிந்தால் அது பழுதான வேலை.

அடுத்தது கணக்கு. நாற்று மேடையில் உள்ள நாற்றைத்தான் வயலில் நடலாம் என்பதை உழவனுக்கு ஒருவர் சொல்லவேண்டியதில்லை. இச்சிகிச்சை புதிதாக ஒரு மயிரையும் படைப்பதில்லை. பின்தலையிலிருந்து முன்தலைக்கு இடம் மாற்றுகிறது. 2,000 வேர்க்கொத்துகளை 50 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் நட்டால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 40 வீதம் அமையும். அது இயற்கை அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி; கண்ணுக்கு அதுவே போதும். அதே 2,000ஐ 150 சதுர சென்ரிமீற்றரில் பரப்பினால் 13 வீதம்தான் வரும்; உச்சந்தலை தெரியத்தான் செய்யும். எனவே “தலை முழுவதும் நிறைப்போம்” என்பவனிடம் எத்தனை கொத்து, எத்தனை பரப்பு என்று கேளுங்கள். கொத்துக்கு விலை பேசிவிட்டு மயிரை எண்ணிக் கணக்குக் காட்டுவோரும் உளர். ஒரு கொத்தில் சராசரியாக இரண்டு மயிர் உண்டாதலால், 4,000 மயிர் என்பது 2,000 கொத்தே ஆகும்.

மூன்றாவது காலம். நட்ட மயிரிற் பெரும்பகுதி 2 முதல் 6 கிழமைகளுக்குள் உதிர்ந்துவிடும். இது கண்டு கலங்கவேண்டியதில்லை. வேர் உள்ளே உயிரோடிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய மயிர் தலைகாட்டும். முழுப் பயனைக் காண 12 மாதங்களும், உச்சிச் சுழியில் 18 மாதங்கள் வரையும் வேண்டும். ஆறாம் மாதத்தில் வெற்றி முழங்குவதும் தோல்வியென அழுவதும் கதிர் முற்றுமுன் களவெட்டியில் விளைச்சல் அளப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, படம். ஈரத்தலையை உச்சி விளக்கின்கீழ் வைத்து “முன்பு” எடுத்து, உலர்த்திச் சீவிய தலையை மங்கிய ஒளியில் வைத்து “பின்பு” எடுத்தால், ஒரு மயிரும் நடாமலே அதிசயம் நிகழ்த்தலாம். தோலின்மேல் தூவும் கருந்துகளும் கடையில் உண்டு. ஒரே ஒளி, ஒரே கோணம், ஒரே மயிர் நீளம் ஆகிய மூன்றும் இல்லாத படம் சாட்சியமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்தலையின் படத்தைக் கேளுங்கள். அளவுக்கு மிஞ்சி வேர் பிடுங்கிய பின்தலை, கறையான் தின்ற பாய்போல் ஆகிவிடும். அந்த நட்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலாது. நடாத பழைய மயிர் பின்னரும் உதிரும் என்பதையும் மறவாதீர். இருபத்தைந்து வயதில் முன்னெற்றியை நிரப்பியவன் நாற்பதில் முன்னே ஒரு திட்டும் பின்னே வெறுமையுமாக நிற்க நேரலாம். இருக்கும் மயிரைக் காக்கும் மருந்தைப் பற்றியும் பதினைந்து ஆண்டுகளுக்கு அப்பாலைப் பற்றியும் பேசாத நிலையம் நோயாளியின் நலனை நாடுவதன்று.

தனிமனிதன் விழிப்பு ஒருபுறம் இருக்க, அரசின் கடமை மறுபுறம் உண்டு. கத்தி பிடிக்கும் கை எவருடையது என்பதே முதற் கேள்வி. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற வைத்தியரே இதைச் செய்யவேண்டும், காணொளி பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டல் வெளியிட்டது. நம் நாட்டில் வைத்தியரைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. தனியார் நிலையங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் ஓர் ஒழுங்குறுத்தும் சபையும் இருக்கின்றன. நாம் கேட்பது மிகையன்று. முடி நடும் ஒவ்வொரு நிலையமும் தன் பதிவு இலக்கத்தையும், சிகிச்சை செய்யும் வைத்தியரின் பெயரையும் வாயிலிலும் விளம்பரத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கட்டும். நட்ட கொத்துகளின் எண்ணிக்கையை எழுத்தில் கொடுக்கட்டும். 12 மாதம் நிறையாத படத்தையும், பின்தலையை மறைக்கும் படத்தையும் விளம்பரத்தில் இடுவது தடைசெய்யப்படட்டும்.

விதைநெல் வாங்கும்போது கைநிறைய அள்ளி, ஊதிப் பார்த்து, பதர் கண்டால் மூடையைத் திருப்பியனுப்பும் மக்கள் நாம். தலையைக் கத்திக்குக் கொடுக்கும்போது அந்த எச்சரிக்கையைக் கைவிடுவானேன்? முடி நட விரும்புவோர் நடுக, அதில் இழிவேதுமில்லை. முன்பணம் கொடுக்குமுன் வைத்தியரின் பெயர், கொத்தின் எண்ணிக்கை, ஓராண்டு கடந்த பின்தலைப் படம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குக. இவற்றைத் தர மறுக்கும் நிலையத்தின் படியை விட்டு உடனே இறங்கிவிடுக.