வள்ளம்களிக்கு ஒரு கடிகாரம் வையுங்கப்பா!

மக்களே, இந்தத் தடவை கொஞ்சம் தண்ணீர் விஷயம்.

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த நம்மாட்களில் எத்தனை பேர் வள்ளம்களியை நேரில் பார்த்திருப்போம்? ஆலப்புழை புன்னமடைக் காயல் இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். அந்தக் கூட்டத்தில் குழந்தை குட்டியோடு போய் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆக, நேரு டிராபி என்றால் நம்மில் பலருக்கு இணைய நேரலைதான். அதையும் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் மூடிவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பார்த்த நேரலைகளில் தூரத்தில் நாலு கறுப்புக் கோடுகள் நகரும். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துவார். எந்தக் கோடு எந்த வள்ளம் என்று புரிவதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

2024 இறுதிப் போட்டியைப் பாருங்கள். காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடி. வீயபுரம் 4 நிமிடம் 29.790. வித்தியாசம் 5 மில்லி விநாடி! ஒரு சுண்டனில் நூறு பேருக்கு மேல். அத்தனை பேர் உழைப்பும் கண் இமைப்பதற்குள் கைமாறிப்போனது. இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எந்த சினிமாவில் இருக்கிறது?

வாட்டர் ஸ்கீயிங்கிலும் இதே சிக்கல்தான். ஒருவர் படகுக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகிறார், அவ்வளவுதான் தெரியும். ஆனால் விஷயம் கயிற்றில் இருக்கிறது. சுற்றிவர வேண்டிய மிதவை நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் குறைத்துக்கொண்டே போகும் கயிறு, ஒரு கட்டத்தில் 10.25 மீட்டர்தான். கயிறு எட்டாத மிச்சத்தை உடம்பைச் சாய்த்து எட்ட வேண்டும். இந்த ரெண்டு எண்களைத் திரையில் போட்டால் போதும், சேனலை மாற்றத் தோன்றாது.

வள்ளம்களிக்கு என் யோசனைகள்:

1. கடிகாரம். ஹீட்ஸில் முதலில் வந்தால் மட்டும் போதாது. எல்லா ஹீட்ஸிலும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்த நாலு சுண்டன்களுக்குத்தான் இறுதிப் போட்டி. அதாவது கடைசி ஹீட்ஸில் துழைபவர்கள், ஏற்கெனவே கரையேறியவர்களோடும் மோதுகிறார்கள். முந்த வேண்டிய நேரத்தைத் திரையின் ஓரத்தில் ஓடவிடுங்கள்.

2. மேலிருந்து எடுக்கும் படத்தில் ஒவ்வொரு வள்ளத்தின் மீதும் அதன் பெயர்.

3. அமரத்தில் ஒரு கேமரா, இடிக்காரர் பக்கத்தில் ஒரு மைக். ஒரே ஒரு நிமிஷம் வர்ணனையை நிறுத்திவிட்டு அந்தத் தாளத்தைக் கேட்கவிடுங்கள்.

"திருவிழாவை டிவி ஷோ ஆக்காதீங்க சார்" என்பார்கள் சிலர். 2019-லேயே ஐபிஎல் பாணியில் சாம்பியன்ஸ் போட் லீக் வந்தாச்சு. இனி கேட்க வேண்டியது, காட்டுவதை உருப்படியாகக் காட்டுகிறோமா என்பதுதான்.

நாலரை நிமிஷத்துக்காக வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள் துழைக்காரர்கள். அவர்கள் செய்வது என்னவென்று புரியாமலே வளரும் பிள்ளைகளுக்கு, சுண்டன் வள்ளம் டூரிசம் போஸ்டரில் வரும் படம் மட்டும்தான். அதுதான் எனக்கு வருத்தம்.