புறப்படுமுன் ஒரு கணக்கு

குளிர்காலத்தில் சிம்லாவுக்கோ லேவுக்கோ சென்றவர்கள், கைப்பேசி வழக்கத்தைவிட விரைவில் அணைந்துவிடுவதைக் கண்டிருப்பர். மின்சார மகிழுந்துக்கும் அதே இடர்ப்பாடு உண்டு. பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது லித்தியம் அயனி மின்கலமே. குளிரில் அதனுள் அயனிகளின் ஓட்டம் தளர்கிறது. ஊர்தி செல்லும் தொலைவு குறைகிறது. உறைநிலைக்குக் கீழே விரைவாக மின்னேற்றம் செய்தாலோ, லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலத்தின் ஆயுளையே குறைத்துவிடும். ஆகவேதான் புறப்படுமுன் மின்கலத்தைச் சூடேற்றும் வசதி பல ஊர்திகளில் அமைக்கப்பட்டுள்ளது.

நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய மகிழுந்துகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சார ஊர்திகள். அங்கே பனி பெய்யும் காலையில் இவ்வசதி பெரிதும் உதவுகிறது. ஆயினும் எல்லாப் பயணத்திற்கும் அது தேவையில்லை.

மின்கலத் தொகுதியின் எடை 400 கிலோ எனக் கொண்டால், அதன் வெப்பநிலையை 20 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் ஊர்தி சுமார் 10 கிலோமீட்டர் ஓடிவிடும். மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்குச் செல்வதற்காக இவ்வளவையும் செலவிடுவது, 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பதாகவே முடியும். அத்தகைய பயணத்திற்கு இருக்கையை மட்டும் சூடாக்கிக்கொண்டால் போதும்.

நெடும்பயணம் வேறு. அங்கே முழுத்தொலைவும் தேவை. வழியில் விரைவு மின்னேற்றமும் தேவை. அப்போதும் ஊர்தி வீட்டு மின்னிணைப்பில் இருக்கும்போதே சூடேற்றுதல் நன்று. இதனால் மின்சாரம் மிச்சமாவதில்லை. மின்கலத்தில் சேர்த்துவைத்தது குறையாமல் இருக்கிறது, அவ்வளவே. மின்னேற்றம் புறப்படும் நேரத்தில் முடியுமாறு குறித்துவைப்பது இன்னும் சிறந்தது. மின்னேற்றத்தின்போதே மின்கலம் ஓரளவு சூடாகிவிடும் அன்றோ?

நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். அதில் சிக்கனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டு வீடுகளில் மிகப் பலவும் மின்சாரத்தால்தான் வெப்பமூட்டப்படுகின்றன. கடுங்குளிர்க் காலையில் வீடுகளும் ஊர்திகளும் ஒரே வேளையில் மின்சாரத்தை இழுத்தால், மின்கம்பிகளின் சுமை கூடும்.

வீட்டில் மின்னிணைப்பு இன்றித் தெருவோரம் ஊர்தியை நிறுத்துவோரின் நிலைதான் கடினம். அவர்கள் இரவில் வீடு திரும்பும் வழியிலேயே, மின்கலம் சூடாக இருக்கும்போது மின்னேற்றிக்கொள்வது நல்லது. மறுநாள் காலையில் குளிர்ந்துபோன மின்கலத்துடன் மின்னேற்ற நிலையத்தில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.