பயிர் பிழைத்தால் போதுமா?

நிலத்தில் விஷம் இருந்தால் பயிர் கருகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பிப் பழகிவிட்டோம். காட்மியத்தின் விஷயத்திலோ, பயிர் நோவதற்கு வெகு முன்பே உண்பவன் நோகத் தொடங்கிவிடுகிறான். ஜப்பானில் தோயாமா மாகாணத்துக்கு மேலே காமியோகா சுரங்கத்தில், துத்தநாகத் தாதுவோடு ஒட்டிப் பிறந்த இந்த உலோகம், கழிவோடு ஜின்சூ ஆற்றிலும், ஆற்று நீரோடு கழனிகளிலும் இறங்க, அந்த அரிசியை உண்டும் அந்த நீரைப் பருகியும் வந்த, பல பிள்ளைகளைப் பெற்று நடுவயது கடந்த பெண்கள், இருமினாலே எலும்பு முறியும் நிலைக்கு ஆளாகி, “நோகுதே, நோகுதே” என்று அரற்ற, அந்த அரற்றலே ‘இத்தாய் இத்தாய்’ என்று நோய்க்குப் பெயராயிற்று. காட்மியமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல்தான்.

நெல்லின்மேல் குற்றமில்லை. மாங்கனீசுக்காக வேரில் அது திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகவே காட்மியமும் நுழைகிறது. நுழைந்தபின் நெல் சும்மா இருப்பதுமில்லை. கந்தகம் செறிந்த சிறு புரதச் சங்கிலிகளைப் பின்னி, வந்த உலோகத்தைக் கட்டி, வேரணுக்களின் உட்பைகளில் சிறைவைக்கிறது. அந்தச் சாமர்த்தியம் தன் பிராணனைக் காத்துக்கொள்ளப் போதும். சிறைக்குத் தப்பிய சொற்பம் தண்டேறி, கணுக்களில் வழி மாறி, மணியில் போய்த் தங்குவதைத் தடுக்கப் போதாது.

நீரைக் கொண்டு சமாளிக்கலாம் என்பார்கள். நீர் தேங்கிய வயலில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும் என்பது மெய்தான். ஆனால் அதே தேக்கம் மண்ணிலுள்ள ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும். நம் உழவர் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் அங்கே தர்மசங்கடமாகிவிடுகிறது: காய்ச்சினால் காட்மியம், பாய்ச்சினால் ஆர்சனிக்.

2012-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், கரி அயனிக் கதிர் பாய்ச்சி, அந்த மாங்கனீசு வாசல் பழுதான கோஷிஹிகாரி நெல்லைக் கண்டெடுத்தார்கள். அதன் மணியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. வியக்கத்தக்க வித்தைதான். ஆயினும் புதிய விதை வந்துவிட்டது என்பதைச் சாக்காக்கி, மண்ணைக் கெடுத்தவனை விடுவித்துப் பயிரின் தலையில் பொறுப்பைச் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஜின்சூக் கரையில் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட கழனிகளின் மேல்மண்ணைப் புதைத்து, வேறு மண் பரப்பும் வேலை, 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. அதற்கு முன்பே, சுரங்க நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்ற அக்கரைக் கிராமத்தார், நஷ்டஈட்டோடு நின்றுவிடாமல், நிபுணர்களோடு எப்போது வேண்டுமானாலும் சுரங்கத்துக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் மலையேறிப் போய், கழிவுநீர் இறங்கும் இடத்தைத் தம் கண்ணாலேயே பார்த்து வருகிறார்கள்.