மனப்பாடம் செய்தவருக்குப் பட்டியல் எதற்கு?

ஆஸ்டின் டவுனின் தமிழ் வீடொன்றிலிருந்து ஜக்கூர் விமானத்தளத்துக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், சரிபார்ப்புப் பட்டியல் முழுவதையும் தாளைப் பாராமல் ஒப்பித்தால் வீட்டார் பூரிப்பர். பள்ளியும் கல்லூரியும் அதற்குத்தானே மதிப்பெண் வழங்கின? கற்றோர் அவையிலோ வேறொரு குரல் எழும்: பட்டியலைப் பார்த்துச் செய்வது இயந்திரத்தனம், புரிதலே கல்வி என்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு தரப்பும் இடறுவது ஒரே இடத்தில்தான். பட்டியல் அறியாதவருக்கானது என்று இரண்டுமே எண்ணுகின்றன.

அது அறிந்தவர்களுக்காகப் பிறந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 விழுந்து நொறுங்கியபோது அதை ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், தேர்ந்த சோதனை விமானி. தரையில் நிற்கையில் வால்பகுதிப் பரப்புகளைக் காற்று அசைக்காதபடி பிணைத்திருந்த பூட்டு விடுவிக்கப்படவில்லை, அவ்வளவுதான். விமானிகளுக்கான எழுத்துப் பட்டியல் நிலைபெற்றது அதன் பின்னரே.

ஒப்பித்தலின் ஆபத்து மறதி மட்டுமன்று. 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிடில் ஸ்பேன்ஏர் விமானம் ஃபிளாப் விரிக்கப்படாமலேயே ஓடுபாதையில் விரைந்தது. 154 பேர் மாண்டனர். எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. ஆயினும் இறுதிச் சரிபார்ப்பில் துணை விமானி ஃபிளாப் அளவைப் 'பதினொன்று' என்று சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. சொல் இருந்தது, பொருள் இல்லை. குறிக்கும் குறிப்பொருளுக்கும் இடையிலான பிளவைப் பற்றி ஏடு ஏடாக எழுதும் மொழியியலாளருக்கு இதனினும் கொடிய சான்று கிட்டாது.

இரு விமானிகள் இருந்த அறையில் நிகழ்ந்தது இது. ஒருவர் கேட்க மற்றவர் விடையளிக்கும் உரையாடலாக வளர்ந்த பட்டியல், தனியே பறக்கும் மாணவரிடம் தனிமொழியாகிறது. பயிற்றுநர் இறங்கியதும் எடை குறைந்து விமானம் வழக்கத்தைவிட விரைவாக ஏறும். அடுத்தடுத்த வேலைகள் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து நிற்கும். எரிபொருள் கலவை, கார்புரேட்டர் சூடு, ஃபிளாப் என்று நா பழக்கத்தில் ஓட, கண் ஓடுபாதையில் நிலைத்திருக்கும். தவறைக் கேட்டுத் திருத்த அருகில் எவருமில்லை.

இயந்திரம் நின்றுபோனால் உடனே செய்யவேண்டிய சில செயல்கள் மனப்பாடமாகவே இருக்கவேண்டும். தாளைத் தேட அப்போது நேரமிராது. அந்த விலக்கைக் காட்டி, பட்டியலைக் கையில் பிடித்திருக்கும் இளையவரிடம் 'இன்னும் பாடம் ஆகவில்லையா?' என்று நகைக்கும் மூத்த மாணவர் எந்தத் துறையிலும் உண்டு. விமானத்தளத்தில் அந்த நகைப்பு உயிரோடு விளையாடுகிறது. முதல் தனிப்பறத்தலுக்கு அனுமதி தரும் பயிற்றுநர், மாணவர் எவ்வளவு வேகமாக ஒப்பிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, பட்டியலின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே அவருடைய கண்ணும் கையும் எங்கே செல்கின்றன என்று பார்க்கட்டும்.